வில்லோ தெருக் குளத்தைத் தோண்டித் தரும்படி

அனுப்புநர்:
ஓசெல்லா டிலார்ட்,
கூந்தல் அலங்காரக் கடை,
காட்டன் தெரு, ரயில் பாதைக்குத் தெற்கே,
மெரிவேல், அலபாமா.

பெறுநர்:
உயர்திரு. ட்ராவிஸ் பெக்கம் அவர்கள்,
மேயர், மெரிவேல் நகராட்சி.

பொருள்: வில்லோ தெரு நகராட்சி நீச்சல் குளத்தை மீண்டும் தோண்டித் தரவும், அதன் மேல் என் மகன் பெயரில் பெஞ்சு போடுவதை நிறுத்தவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: ஜூலை நான்காம் தேதி பூங்கா திறப்பு விழாவுக்குத் தாங்கள் எனக்கு அனுப்பிய அழைப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அழைப்பு வந்து சேர்ந்தது. "அன்புள்ள ஓசெல்லா" என்று தொடங்கியிருக்கிறீர்கள். நாம் அவ்வளவு பழகியவர்கள் அல்லர். "திருமதி டிலார்ட்" என்று எழுத நகராட்சிக்கு இன்னும் கை வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றி இந்த மனுவில் நான் புகார் செய்யவில்லை. என் புகார் வேறு. அதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. வில்லோ தெருக் குளம் ஊரார் வரிப்பணத்தில் கட்டப்பட்டது. எங்கள் வரியும் அதில் உண்டு, கறுப்பர்களான எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும் இடம் கிடையாது. வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம், அதற்குத் தடை இருந்ததில்லை. சிறுவயதில் நானும் அப்படிப் பார்த்து நின்றவள்தான். 1965ஆம் ஆண்டு, நிறம் பார்க்காமல் எல்லோரையும் ஒன்றுபோல் நடத்த வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. நகராட்சி அந்த உத்தரவை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியது. ஒருவரையும் குளத்தில் விடவில்லை. அடித்தளத்தில் விரிசல் என்று சொல்லிப் பூட்டினார்கள், அந்தக் கோடையிலேயே மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள், மேலே புல் விதைத்தார்கள். குளத்து ஏணியின் இரண்டு இரும்புக் கைப்பிடிகள் மட்டும் இன்றும் புல்லுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அவை என்னவென்று வெளியூர்க்காரர் கேட்டால், இந்த ஊரில் யாருக்கும் நினைவில்லை.

2. அடுத்த கோடையில் ஊருக்கு வடக்கே தனியார் மனமகிழ் மன்றம் ஒன்றைத் திறந்தார்கள். அங்கே பெரிய குளம் உண்டு. நிறத்தைப் பற்றி மன்றத்தின் விதிகளில் ஒரு சொல்கூட இல்லை. இரண்டு உறுப்பினர்கள் சிபாரிசு செய்தால் யாரும் சேரலாம். இத்தனை வருடத்தில் அந்த இரண்டு பேர் எங்களில் ஒருவருக்கும் அமையவில்லை. தாங்களும் அங்கே உறுப்பினர் என்று கேள்விப்பட்டேன்.

3. என் மகன் வென்டல் 1973ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், மூடிக் கிடக்கும் செங்கல் சூளையின் பள்ளத்தில் மூழ்கி இறந்தான். மழைநீர் தேங்கி நிற்கும் பள்ளம் அது. எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே தண்ணீர் அதுதான். அவனுக்கு நீந்தத் தெரியாது. கற்றுக்கொடுக்க எங்களுக்கும் தெரியாது. விபத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பொதுப்பணிக் குழுத் தலைவர் திரு. ஹோரஸ் டன்லப் என் கணவர் கிளீவிடம் துக்கம் விசாரிக்க வந்தார். "உங்க ஜனங்களுக்கு எலும்பே கனம் கிளீவ், தண்ணியில நிக்காது. படைப்பு அப்படி, யாரை நொந்து என்ன செய்ய" என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார் என்று நினைத்துக்கொள்கிறேன். எங்கள் எலும்பை அவர் எப்போது எடைபோட்டுப் பார்த்தார் என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. இன்றைக்கு இருக்கிறது, அதனால் இங்கே கேட்கிறேன்.

4. நம் ஊரில் இனவெறி ஒழிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பத்திரிகை எழுதுகிறது, பாதிரியார்கள் பிரசங்கம் செய்கிறார்கள். அந்தச் சொல்லை வாயில் எடுப்பவர்தான் இப்போது இனவெறி பிடித்தவர் என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் ஒன்றாகிவிட்டது என்பது உண்மை, நான் மறுக்கவில்லை. என் மகள் நதீன் அங்கேதான் மூன்றாம் வகுப்பு முடித்தாள். அவளுடைய ஆசிரியை இளம்பெண், நல்ல மனம் உள்ளவர். முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு நிறமே கண்ணுல படாதுங்க, எல்லாப் பிள்ளைங்களும் எனக்கு ஒண்ணுதான்" என்றார். சென்ற மாதம் வகுப்பின் கோடைக் கொண்டாட்டத்தை மன்றத்துக் குளத்தில் வைத்தார். உறுப்பினர் அழைத்தால்தான் உள்ளே போக முடியும் என்று வாசலில் சொல்லிவிட்டார்கள். நதீனும் மற்ற கறுப்புப் பிள்ளைகளும் பேருந்திலேயே உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்றுவிட்டுத் திரும்பினார்கள். ஆசிரியை எனக்குத் தொலைபேசியில் பேசினார். "அவங்க ஒண்ணும் வருத்தப்படலீங்க, இன்னும் ஐஸ்கிரீம் வேணும்னு கேட்டாங்க" என்றார். நிறம் கண்ணில் படாதவருக்குப் பேருந்தில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் படவில்லை.

5. அன்று இரவு நதீன் என்னிடம், "தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்தா வலிக்குமாம்மா?" என்று கேட்டாள். நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அடுத்த சனிக்கிழமை காலை, மறுநாள் ஆராதனைக்காக அவள் தலைமுடியைச் சூட்டுச் சீப்பால் நீவி நேராக்கி விட்டேன். எங்கள் முடியை அப்படி நீவினால் பட்டுப்போல் படியும், ஆனால் ஒரு பொட்டுத் தண்ணீர் பட்டாலும் வேரிலிருந்து சுருண்டுவிடும். ஊர்ப் பெண்கள் பாதிப் பேரின் தலை என் கையில்தான் இருக்கிறது, இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சாயங்காலம் பிள்ளை வீட்டுக்கு வந்தாள். உடுப்பு காய்ந்திருந்தது, காலில் சேறு இல்லை, எல்லாவற்றையும் கவனமாகத் துடைத்திருக்கிறாள். பிடரி முடி மட்டும் சுருண்டிருந்தது. வென்டல் போன பள்ளத்துக்குத்தான் போயிருக்கிறாள். கழுத்து வரைக்கும் இறங்கியிருக்கிறாள். ஐயா, நான் அவளை அடித்தேன். அடித்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "அண்ணன் எங்க நின்னான்னு பாக்கத்தான் போனேன்" என்றாள். மறுபடியும் போவாள், பிள்ளைகள் போவார்கள். கோடை இப்போதுதான் தொடங்குகிறது.

6. இந்த நிலையில்தான் தங்கள் அழைப்பு வந்தது. புல்வெளிக்குச் சகோதரத்துவப் பூங்கா என்று பெயராம். அதில் வென்டல் டிலார்ட் நினைவாக ஒரு பெஞ்சாம். நாடாவை நான் வெட்ட வேண்டுமாம். விளக்கம் கேட்கத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். என்னைவிட வயதில் மிகவும் இளையவரான தங்கள் உதவியாளர் செல்வி லொரெய்ன் ப்ரூயிட், "வா ஓசெல்லா, உக்காரு" என்றார். குளத்தைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. "இப்ப யாரு கறுப்பு வெள்ளைன்னு பாக்குறா? ஊரே சேர்ந்து உன் பிள்ளைக்கு மரியாதை பண்ணுது. நீ ஏன் பழசைக் கிளறுற?" என்றார். எங்கள் பாதிரியார் திரு. ஐசாயா கிம்ப்ரோவும் வீட்டுக்கு வந்தார். "பெஞ்சைக் குடுத்தா வாங்கிக்க தங்கச்சி. ஆலையில இப்பத்தான் நம்ம பசங்களை மேஸ்திரி வேலைக்கு எடுக்குறாங்க. கிளீவும் நகராட்சியில வேலை பாக்குறான். நீ பேசுற பேச்சுல எல்லாம் கெட்டுப்போயிடும்" என்று கெஞ்சினார். அவரை நான் குறை சொல்லவில்லை. பயந்து பயந்து இத்தனை பேரை உயிரோடு கரை சேர்த்தவர் அவர். ஆனால் தண்ணீரில் தத்தளிப்பவரை அவராலும் கரை சேர்க்க முடியாது.

7. இனி சொல்லப்போவதுதான் முக்கியம். என் கணவர் கிளீவ் டிலார்ட் பத்தொன்பது வயதிலிருந்து தங்கள் பொதுப்பணிப் பிரிவில் இருக்கிறார். குளத்தை மூடிய மண்ணை லாரியில் ஏற்றி வந்து கொட்டியவர் அவர்தான். கறுப்பர்களை உள்ளே விடச் சொன்ன குளத்தை மூட, நகராட்சிக்குக் கறுப்பு ஆட்கள்தான் கிடைத்தார்கள். அந்த அளவில் எனக்கு முன்பே தெரியும். கட்டளை போட்டார்கள், செய்தார், எங்களுக்குச் சாப்பாடு வேண்டுமே. அதன் பிறகு அந்தப் புல்லை வாராவாரம் வெட்டுவதும், இரண்டு கைப்பிடிகளைச் சுற்றி மட்டும் கத்தரியால் நறுக்குவதும் அவர் வேலைதான். சென்ற வாரம், விழாவுக்கு முன் கைப்பிடிகளை அறுத்துவிடு என்று அவருக்கு உத்தரவு வந்தது. அன்று சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "அந்த மண்ணு எங்கேருந்து வந்துச்சுன்னு நீ கேட்டதே இல்ல ஓசெல்லா. செங்கச் சூளையிலேருந்துதான் வெட்டுனோம். அதுக்கு முன்னாடி அங்க முழங்கால் பள்ளந்தான். நாங்க வெட்டி வெட்டி ஆள் முழுகுற ஆழம் ஆக்கிட்டோம்."

வென்டல் இறந்த நாளிலிருந்து இதை வயிற்றில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் படுத்து எழுந்திருக்கிறார். பள்ளத்தை வெட்டச் சொன்னது யார், குளத்தை மூடச் சொன்னது யார் என்று தங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த ஊரில் அதை நினைத்துத் தூக்கம் கெட்டவர் அவர் ஒருவர்தான்.

8. ஆகவே ஐயா, குளம் எங்கும் போய்விடவில்லை. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் தள்ளி வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஏணி இல்லை, காவலாள் இல்லை, கற்றுக்கொடுப்பவர் இல்லை. அதில் என் ஒரு பிள்ளை போய்விட்டான். இன்னொருத்தி கழுத்தளவு இறங்கிவிட்டாள். அந்த மண்ணின் மேல் பெஞ்சு போட்டு என் மகன் பெயரைப் பொறித்து, என் கையில் கத்தரிக்கோலையும் கொடுத்துப் படம் பிடிக்க நினைக்கிறீர்கள். படத்தைப் பார்ப்பவர்கள் இந்த ஊரில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்புவார்கள். என் மகன் பெயர் அதற்குப் பயன்பட நான் சம்மதிக்க மாட்டேன்.

நான் கேட்பது இவ்வளவுதான். பெஞ்சு வேண்டாம். வில்லோ தெருக் குளத்தைத் தோண்டுங்கள். தோண்டிய மண்ணைச் சூளைப் பள்ளத்தில் கொட்டி நிரப்புங்கள். ஒரே வேலையில் இரண்டும் முடிந்துவிடும். கைப்பிடிகளை அறுக்க வேண்டாம், குளத்தின் ஓரம் எங்கே என்று காட்ட அவை மட்டுமே மிச்சம். தண்ணீர் நிரம்பிய அன்று நாடா வெட்ட என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். நதீனைக் கையில் பிடித்துக்கொண்டு ஏணி வழியாக முதலில் நானே இறங்குகிறேன். என் தலைமுடி சுருண்டால் சுருண்டுவிட்டுப் போகட்டும்.

இந்த மனுவால் என் கணவரின் வேலைக்கு ஆபத்து வரலாம் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் இருவரும் இதை அனுப்புகிறோம். நகராட்சி எதைச் சொன்னாலும் இதுவரை அவர் மறுத்ததில்லை. இந்த ஒன்றையும் அவருக்கு உத்தரவாகப் போடும்படி பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.

இடம்: மெரிவேல்
நாள்: ஜூன் 9, 1977

இப்படிக்கு,
(திருமதி) ஓசெல்லா டிலார்ட்

என் மனைவி ஏழாவது பத்தியில் எழுதியிருப்பது உண்மை. லாரி ஓட்டியவன் நான்தான். கைப்பிடிகளை நான் அறுக்க மாட்டேன். மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியும், வழிகாட்ட ஆள் வேண்டாம். இந்த வேலைக்கு எனக்குக் கூலியும் வேண்டாம்.

கிளீவ் டிலார்ட்,
நகராட்சிப் பொதுப்பணித் தொழிலாளி