வாசலில் வேப்பிலை

ஐப்பசி, வெள்ளி. தூறல்.

ஒரு நாள் முழுக்க யாரும் கூப்பிடாவிட்டால் என்ன செய்வேன்? தெரியவில்லை. தேனிக்கு வந்த பிறகு அப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை. ஞாயிறு ஆஸ்பத்திரிக்கு விடுமுறை, எனக்கு இல்லை. வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். போன வாரம் ஒருவர், கோழிக்குச் சீக்கு என்று.

மாலை, கண்டமனூர் ராக்கு. தலைச்சூல், எட்டாம் மாதம். முகம், கால், விரல் எல்லாம் வீக்கம். எனக்குப் பிடிக்கவில்லை. இங்கேயே தங்கச் சொன்னேன். புருஷன் சடையன் கேட்கவில்லை. "காட்டு வேல கெடக்கு டாக்டரம்மா." தலைவலி, கண் மங்கல் எது வந்தாலும் நாள் கிழமை பாராமல் வண்டி கட்டி என் வீட்டுக்கே வரச் சொன்னேன். தலையாட்டினான்.

சனி. மழை விட்டது.

விளக்கெண்ணெய் தீர்ந்தது. குடை கிழிசல். நாளை ஒரு நாளாவது கதவைச் சாத்திப் படிக்க வேண்டும் என்று புலம்பினேன். சமையற்காரி பாக்கியம்: "நெலையில ரெண்டு கொத்து வேப்பிலையச் செருகிருவோம்மா. ஈ காக்கா வராது."

அம்மை கண்ட வீட்டு வாசலை இங்கே அசலார் மிதிப்பதில்லை. எனக்கு அந்த ஆத்தாளிடம் நம்பிக்கை இல்லை. சென்னையில் படித்தது வேறு. செருகு என்றேன்.

"நாளைக்குத் தாளிக்க மாட்டேன், சொல்லிட்டேன். ஆத்தா எறங்குன வீட்ல கடுகு வெடிச்சா ஊரே சிரிக்கும்."

நெடுநாளைக்குப் பின் சிரித்தேன்.

ஞாயிறு. நல்ல வெயில்.

தாளிக்காத பருப்பு. நகம் வெட்டினேன். கொஞ்சம் படிப்பு, கொஞ்சம் தூக்கம். சுகம்.

உச்சிக்கு முன் வாசலில் மாட்டு மணி நின்றது. தணிந்த பேச்சு. யாரோ முனகியது போல. தட்டினால் எழுந்து போகலாம் என்று இருந்தேன். தட்டவில்லை. வண்டி திரும்பியது.

அதன் பின் படிப்பு ஓடவில்லை. தெருவில் பிள்ளைகள் சத்தம்கூட இல்லை.

விளக்கேற்றும் நேரம். எதிர்வீட்டுச் செட்டியாரம்மா தெருவுக்கு அந்தப் பக்கமே நின்று: "ஏத்தா பாக்கியம், டாக்டரம்மாவுக்கு முத்து எறங்கிருச்சா? காலையில கண்டமனூர் வண்டி வந்துச்சு. வைக்கல் மேல ஒரு சூலிப்பொண்ணு, கண்ணு தெரியல, கண்ணு தெரியலன்னு அழுதுச்சு. வேப்பிலையப் பாத்தாக, அப்படியே திரும்பிட்டாக."

வேப்பிலையைப் பிடுங்கி எறிந்தேன். பாக்கியம் வண்டி தேடி ஓடினாள். ஒருவரும் வரவில்லை. அம்மை வீட்டு ஆளை ஏற்றினால் மாடு தங்காதாம். பொய்க்குத்தான் செருகினோம் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறாள். "எறங்குன ஆத்தாள இல்லங்கிறியே, நீ வெளங்குவியா?" என்று திட்டி விரட்டினார்களாம்.

திங்கள்.

இருட்டோடு நடந்தோம், பாக்கியமும் நானும். பை கனம். கண்டமனூர் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. என்னைக் கண்டதும் முற்றத்துப் பெண்கள் பின்வாங்கினார்கள்.

ராக்குவுக்கு நேற்றுத் திரும்பும் வழியில், வண்டியிலேயே வலிப்பு. இரவெல்லாம் விட்டு விட்டு. விடியுமுன் போய்விட்டாள். குழந்தை உள்ளேயே.

சடையன் எட்ட நின்று கும்பிட்டான்.

"ஒடம்பு தேவலையா டாக்டரம்மா? இந்த ஒடம்போட நடந்து வரலாமா? வகுத்துப்புள்ளக்காரிய அம்ம வீட்டுக்குள்ள விடப்படாதுன்னு நாந்தான் திருப்பச் சொன்னேன். அவ, அங்கனயே எறக்கி விடு, எறக்கி விடுன்னா."

என் வீட்டில் யாருக்கும் அம்மை இல்லை என்றேன்.

புரியாமல் பார்த்தான். மறுபடியும் சொன்னேன்.