கூட வரும் பெரியவர்

அன்புள்ள கொர்பின், இங்கே நாங்கள் எல்லோரும் நலம், அங்கே நீயும்

இதற்கு மேல் அம்மா எழுதவில்லை. நீயும் என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு கோடு வளைந்து வளைந்து தாளின் ஓரம் வரை இறங்கிப் போயிருக்கிறது பார், அது எழுத்து இல்லை, அம்மா தூங்கிப்போன இடம். காலையில் சமையலறைக்குள் வந்தபோது நான் முதலில் பார்த்தது அந்தக் கோட்டைத்தான், அப்புறம்தான் மேஜையில் கன்னத்தை வைத்துக் கிடந்த அம்மாவை. முதியோர் இல்லத்து இரவு வேலை முடிந்து வந்தவள் சீருடையைக்கூட மாற்றவில்லை. எழுப்பிக் கட்டிலுக்கு அனுப்பினேன். போகிற போக்கில், சனிக்கிழமைக் கடுதாசி தவறினா அவன் என்ன நெனைப்பான், நீயே எழுதிடு லோர்னா, தாள வீணாக்காத, அதுலயே எழுது என்று சொல்லிவிட்டுக் கதவைக்கூடச் சாத்தாமல் விழுந்துவிட்டாள். அதனால் இந்த வாரம் அம்மாவின் கடிதத்தை உன் தங்கை எழுதுகிறேன். அம்மா விட்ட இடத்திலிருந்து முடித்துவைக்கிறேன், நீயும் நன்றாக இரு, காலில் கொப்புளம் ஆறியதா, குளிருக்கு உள்சட்டை கொடுத்தார்களா என்று எழுது. உன் ராணுவப் பயிற்சி முகாமில் போன தடவை நாங்கள் அனுப்பிய மிட்டாய்க்காக உன்னை எல்லோர் முன்னாலும் தண்டால் எடுக்க வைத்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு அம்மா இரண்டு நாள் வருத்தப்பட்டாள், தம்பி ஹோலிஸ் மட்டும் ஒரு மிட்டாய்க்கு எத்தனை தண்டால் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். இந்த முறை உறையில் ஒன்றும் இல்லை, பயப்படாதே.

அப்பா இன்னும் அறுவடை லாரியில்தான் இருக்கிறார். மழை இல்லாததால் எல்லா வயலிலும் சோளம் ஒரே நேரத்தில் காய்ந்துவிட்டதாம், தானியக் கிடங்கு வாசலில் லாரி வரிசை நெடுஞ்சாலை வரைக்கும் நிற்கிறதாம். விடியும் முன் போகிறார், ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வருகிறார், தொப்பியைக் கழற்றினால் நெற்றியில் ஒரு பட்டை மட்டும் வெள்ளை, அதற்குக் கீழே எல்லாம் தூசி. சாப்பிடும்போதே கண் சொருகிவிடுகிறது. திங்கட்கிழமை ஹோலிஸின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள், அம்மா ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் ஓடிப்போய் வந்தாள். பையன் நன்றாக வாசிக்கிறான், ஆனால் உங்க வீட்டுல மத்தவங்க பேச வேண்டியதையும் இவனே பேசிடறான் போல என்று ஆசிரியை சொன்னாராம். அம்மா அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு என் பக்கம் பார்த்தாள், நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். செவ்வாய்க்கிழமை தங்கை ஜூனியின் பள்ளி இசை நிகழ்ச்சி. அவள் கிளாரினெட்டில் வைக்கிற நாணல் தகடு மேடை ஏறும்போதே உடைந்துவிட்டது, நான்கு பாட்டுக்கும் கன்னத்தை மட்டும் உப்பவைத்து உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் தெரியல, ஊதாமலே கைதட்டு வாங்கிட்டேன் என்று இப்போது ஒரே பெருமை. பதினொரு வயதுக்கு அவளுக்கு இருக்கிற தைரியத்தில் பாதி எனக்கு இருந்தால் போதும்.

புதன்கிழமை நம் ஊர்ப் பிச்சைக்கார ராத்திரி. ஹாலோவீனுக்கு முந்தின நாளே வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய்க்குப் போவதும், ஜோக் சொன்னால்தான் கொடுப்பதும் வேறு எங்கேயும் கிடையாது என்று உன்னுடன் இருக்கிற பையன்கள் நம்ப மறுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இந்த வருஷம் நீ இல்லாததால் ஹோலிஸைக் கூட்டிப்போக வேண்டியவள் நான். உன் பழைய எலும்புக்கூட்டு வேஷ உடுப்பைத்தான் போட்டான், கணுக்கால் வெளியே தெரிகிறது, ஆனாலும் கழற்றமாட்டேன் என்கிறான். ஆறு மணிக்குக் கிளம்பினோம். முப்பத்தொரு வீட்டிலும் ஒரே ஜோக்தான், மழை பெஞ்சா எலும்புக்கூடு ஏன் குடை பிடிக்காது, தண்ணி இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் வந்துடும். ஒவ்வொரு வீட்டிலும் முதல் தடவை சொல்வதைப் போல அவனே முதலில் சிரிப்பான். நான் நடைபாதையிலேயே மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன், அதுவரைக்கும் நன்றாகத்தான் போயிற்று.

மிஸ்டர் ஹால்வர்சன் வீட்டு விளக்கு உனக்குத் தெரியுமே, தெருவையே வெளிச்சமாக்கிவிடும். தபால்காரராக இருந்தபோது எப்படிக் கத்துவாரோ அப்படியேதான் இன்னமும் கத்துகிறார். எலும்புக்கூடு சொல்லியாச்சு, சரி, அந்த மரத்துக்குப் பின்னால ஒரு ஒட்டடைக்குச்சி நிக்குதே, அது யாரு, வரச்சொல்லு என்றார். நான் துணைக்கு வந்தவள் என்றேன், எனக்கே கேட்கவில்லை. என் வாசல்ல நின்னா யாரா இருந்தாலும் ஒரு ஜோக், அதான் இந்த ஊர்ச் சட்டம் என்றார். பின்னால் நான்கைந்து குடும்பம் வந்து நின்றுவிட்டது. வாயைத் திறந்தேன் கொர்பின், ஒன்றும் வரவில்லை. அவ சொல்ல மாட்டா, அவ அப்படித்தான், நான் வேணா அவளுக்கும் சேர்த்து ரெண்டு தடவை சொல்றேன் என்று ஹோலிஸ் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரித்தார்கள். மிஸ்டர் ஹால்வர்சன் ஒரு பெரிய சாக்லேட்டை என் கையில் வைத்து அழுத்தி, இது இனாம் இல்ல பொண்ணே, எனக்கு ஒரு ஜோக் பாக்கி, நான் தபால்காரன், உங்க வீடு எனக்குத் தெரியும் என்றார். சாக்லேட் இன்னும் என் கோட்டுப் பையில்தான் இருக்கிறது, தின்ன மனசு வரவில்லை.

இதை உனக்கு மட்டும் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது, சின்னதுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்றுதான் எல்லோரும் சொல்கிறீர்கள். அப்பா ஏழு வாரத்தில் எழுந்து நடந்துவிட்டார். நான் திரும்பிப் போகாததற்குக் காரணம் அது இல்லை. அந்த வாரம் மிஸஸ் டீக் வகுப்பில் எல்லோர் முன்னாலும் நின்று ஐந்து நிமிஷம் பேச வேண்டியிருந்தது. எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், கடிகாரத்தைப் பார்த்தேன், அப்படியே வெளியே நடந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்தால் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அம்மா என்னைப் பார்க்கிறபோதெல்லாம் என் படிப்பைத் தானே கெடுத்துவிட்டதைப் போல ஒரு முகம் வைத்துக்கொள்கிறாள், அதையும் பார்த்துக்கொண்டு சும்மாவே இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை பள்ளிக்கூட வேஷ ஊர்வலம், அதே எலும்புக்கூடு. சாயங்காலம் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் ஹோலிஸ் வயசுப் பையன்களின் குருளைச் சாரணர் கூட்டம், நான் காரிலேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவன் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினான். இன்று, சனிக்கிழமை மாலை, முகாம், ஏரிக்கரையில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்க வேண்டும். பையன் ஒவ்வொருவனுடனும் வீட்டிலிருந்து பதினெட்டு முடிந்த ஒருவர் வர வேண்டும், இல்லாவிட்டால் பையனும் வர முடியாது. அப்பாவுக்கு லாரி, அம்மாவுக்கு வேலை. போன வருஷமும் இதே கதைதான், அவன் குழுவில் எட்டுப் பேர் போனார்கள், இவன் மட்டும் வீட்டில் இருந்தான். அப்போது நீ சோபாவில் போர்வையைக் கட்டிக் கூடாரம் போட்டுக் கொடுத்தாய், நினைவிருக்கிறதா.

வெள்ளிக்கிழமை காலை அம்மா வேலையிலிருந்து வந்து ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டே அந்தப் படிவத்தைப் படித்தாள். கூட வரும் பெரியவர் என்ற இடத்தில் ஹோலிஸ் தன் கோணல் எழுத்தில் லோர்னா என்று எழுதி, பக்கத்தில் வயது பதினெட்டு என்றும் எழுதியிருந்தான். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சாரணன்னு சட்டை போட்டுட்டு பொய் எழுதறியா, அவளுக்குப் பதினேழுதானே என்று அதட்டினாள். அவன் கார்ன்ஃபிளேக்ஸும் பாலுமாக வாயை நிறைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமையே பதினெட்டு ஆயாச்சு, கோடைலேர்ந்தே நாள் எண்ணிட்டு இருக்கேன், இவளுக்குப் பதினெட்டு ஆனாத்தானே நான் முகாமுக்குப் போக முடியும் என்றான். அம்மா செருப்பைப் பிடித்தபடியே நின்றாள். ஜூனி வாயைப் பொத்திக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை அம்மாவுக்கு இரண்டு வேலை, அப்பாவுக்கு லாரி, ஜூனிக்கு நிகழ்ச்சி, யார் நினைவில் வைப்பார்கள். உனக்கும் அங்கே நாள் கிழமை தெரிந்திருக்காது, அதனால் பரவாயில்லை, இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. அம்மா ஹாலோவீன் பூசணிக்காய்க்குள் எரிந்த மெழுகுவர்த்தி மிச்சத்தை எடுத்து வந்து ஒரு வாஃபிள் மேல் நிறுத்தி ஏற்றினாள். மெழுகு உருகி எல்லாம் பூசணி வாசனை, ஆனாலும் நாலு பேரும் பிய்த்துத் தின்றோம். அப்புறம் அம்மா, நீ போகணும்னு யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டாங்க கண்ணு என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.

படிவத்தின் கீழே என் கையெழுத்துக்கு இடம் காலியாகவே இருக்கிறது. கையெழுத்துப் போடுவது பெரிய காரியம் இல்லை. ராத்திரி நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொரு பையனும் அவனுடன் வந்த பெரியவரும் எழுந்து நின்று ஆளுக்கு ஒரு ஜோக் சொல்ல வேண்டுமாம். அதை நடத்துகிறவர் மிஸஸ் டீக், அவருடைய மகனும் இப்போது குருளைச் சாரணன். மூன்று மணிக்குள் ஏரிக்கரையில் இருக்க வேண்டும். இப்போது பதினொன்றாகிவிட்டது. மத்தியானத்துக்குள் பதில் சொல்கிறேன் என்று ஹோலிஸிடம் சொல்லியிருக்கிறேன். அவன் ஒன்பது மணியிலிருந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டு, நடையில் சுருட்டி வைத்த தூங்கும் பையின் மேல் உட்கார்ந்திருக்கிறான். வாயே மூடாத பையன், இன்று காலையிலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கொர்பின், இனி அம்மா எழுதுகிறேன். தண்ணீர் குடிக்க எழுந்தேன், கடிதம் மேஜையில் இருந்தது, லோர்னா துணி மடிக்கப் போயிருந்தாள், உனக்கு மட்டும் என்று எழுதியிருந்ததையும் படித்துவிட்டேன். அவளிடமும் சொல்லிவிட்டேன். இரண்டு வருஷமாக நான்தான் அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்து வீட்டில் வைத்தேன் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு ராத்திரியும் அடுத்தவர் வீட்டுப் பெரியவர்களுக்குப் போர்வை மாற்றிக்கொண்டிருந்தேன். கோபம் இல்லை. எதுவானாலும் சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொன்னேன், அவள் தலையை ஆட்டினாள், இரண்டு பேருமாகச் சேர்ந்து துணி மடித்தோம். நீயும் இதைத் துருவிக் கேட்காமல் அவளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து ஒன்று தனியாக எழுது, மறந்துவிடாதே, என்னைப் போல இருந்துவிடாதே. கால்களைத் துடைத்து உலர்த்திய பிறகு காலுறை போடு. சிகரெட் பக்கம் போகாதே. உன் அப்பா உன்னை நினைத்துக்கொண்டுதான் வண்டி ஓட்டுகிறார், வெளியில் சொல்லமாட்டார். நீ இருக்கிற இடத்தில் நல்ல மனிதர்கள் உன்னைச் சூழ்ந்திருக்கட்டும், உன் உடம்புக்கும் மனசுக்கும் கடவுள் காவலாக இருக்கட்டும், முழுசாக வீடு வந்து சேர்.

உன் அன்பு அம்மா,
ரோவீனா

திரும்பவும் லோர்னா. உறையை ஒட்டுவதற்கு முன் இதையும் சேர்க்கிறேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். ஹோலிஸ் அதைப் பார்த்தான், பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு மிஸ்டர் ஹால்வர்சன் வீட்டுக்கு நடந்தேன். பட்டப்பகல், தெருவில் யாரும் இல்லை, கதவைத் தட்டினேன். பாக்கியைக் கொடுக்க வந்தேன் என்றேன். எலும்புக்கூடு ஏன் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றது என்று கேட்டேன். தெரியலையே என்றார். எழுந்து நின்று பேசச் சொன்னார்களாம், அதற்கு நாக்கு இல்லையாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, ஒண்ணும் கேக்கல பொண்ணே, இன்னும் சத்தமா சொல்லு என்றார்.

சொன்னேன்.