லித்தியத்தின் இடத்தில் நிக்கல்

நாள் 212, காலை 6.10. நிலா, மூன்றாம் உலை
சூடு 740. ஆக்சிஜன் ஓட்டம் சரி. எழுதுவது மரியபுஷ்பம், தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாரியவள். ஐந்தாம் வகுப்பு. இங்கே தனியாக இருந்து பேட்டரிக்குப் படிகம் வளர்க்கிறேன். லித்தியம் ஒரு வரிசை, நிக்கல் ஒரு வரிசை, மாறி மாறி உட்கார வேண்டும். பள்ளத்து முகாமில் பதினேழு பேருக்கு மூச்சுக்காற்று கொடுக்கும் பொறி இந்தப் பேட்டரியில்தான் ஓடப்போகிறது.

8.40
சின்ன விண்கல் ஒன்று தொட்டியைத் துளைத்துவிட்டது. அடைத்தேன். உலைக்கும் எனக்கும் அந்த ஒரே தொட்டிதான். இருவருக்கும் சேர்த்து இருபது மணி நேரம் வரும். படிகம் முடியவும் இருபது மணி நேரம். அதன்பின் எனக்கு விண்வெளி உடையில் ஒன்பது மணி நேரக் காற்று. மீட்பு வண்டி வர முப்பத்தொன்று. உலையை நிறுத்தினால் எனக்கு அதுவரை போதும்.

9.15
கட்டுப்பாட்டு அறையிலிருந்து திவாகர் சார்: "புஷ்பம்மா, உலைக்குப் போற வால்வ மூடிருங்க. சரக்கு கொஞ்சம் முன்னபின்ன இருந்தாலும் ஓடும்."
நான்: "போன தடவயும் இதத்தான சார் சொன்னீங்க. ஓடுச்சா?"
"உங்க உசுருக்காகச் சொல்றேன்மா."
"அப்ப வண்டிய வெரசா அனுப்புங்க."

9.30
போன தடவை மூடியது நான்தான். காற்று குறைந்தால் நிக்கல் போய் லித்தியத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் லித்தியம் நகர வழி கிடையாது. அந்தப் பேட்டரி என் வீட்டுக்காரர் மிக்கேலின் வண்டியில் ஏறியது. பாதி வழியில் நின்றது. அவர் போய் எண்பது நாள் ஆகிறது.

11.05
"நாங்களே இங்கருந்து வால்வ மூடப்போறோம்" என்றார்கள். குறடு எடுத்து வால்வுக்கு வரும் ஒயரை நறுக்கிவிட்டேன். பேச்சு ஒயரை விட்டுவைத்தேன். திட்டட்டும்.

நாள் 213, காலை 4.45
முடிந்தது. சோதனைப் பெட்டி வரிசை ஒழுங்கு நூற்றுக்கு 98 என்கிறது. மிக்கேலுக்குப் போனது 71. தொட்டி காலி. உடை போட்டுக்கொண்டேன்.

12.30
திவாகர் சார்: "வண்டி இன்னும் மூணு மணி நேரம். பேசாதீங்கம்மா, காத்து மிச்சமாகும்."
பேசவில்லை. எழுதுகிறேன்.

13.55
உடையில் காற்று தீர்ந்து பத்து நிமிடம் என்று முள் காட்டுகிறது. முள் சொன்னால் ஆயிற்றா. இன்னும் எழுதுகிறேன், சார். படிகத் தட்டு வாசலில் இருக்கிறது. முதலில் அதை ஏற்றுங்கள். என்னைப் பிறகு பார்க்கலாம். இரண்டு பேராகப் பிடியுங்கள், சாய்க்காமல் தூ