நாலு விரல், ஏழு சென்டிமீட்டர்

இன்று மத்தியானம் உமா உன் பெட்டிகளைத் திறந்துவிட்டாள்.

அலமாரியின் மேல்தட்டில், குளிர்காலப் போர்வைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறியிருக்கிறாள். அடுக்களையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த எனக்கு, வீட்டில் சத்தமே இல்லை என்பது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஓடிப் போனேன். தரை முழுக்க ஸ்லைடுகள். பிலிமும் அட்டையும் கலந்த, லேசாகப் புளித்த அந்த வாசனை அறை முழுக்க. அவள் ஜன்னலருகே நின்று ஒவ்வொரு ஸ்லைடாக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுலயும் அம்மா கை," என்றாள். அடுத்ததை எடுத்தாள். "இதுலயும் அம்மா கை."

அப்போது நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உனக்குச் சொல்லாமல் விட்ட வேறொன்று இருக்கிறது. நீ ஆஸ்பத்திரியில் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். நீ போய் இரண்டு வருஷம் கழித்துச் சொல்கிறேன்.

ஹனோவர் வந்த நாலாவது மாதம், டிராம் படியில் குழந்தையின் தள்ளுவண்டியை ஏற்ற முடியாமல் நான் தடுமாறியபோது, பின்னாலிருந்து ஒரு பெண்ணின் கை வந்து முன்சக்கரத்தைத் தூக்கியது. "பைய, பைய... ஆங், இப்ப ஏத்து" என்றது குரல். வீட்டுக்கு வெளியே இந்த நாட்டில் நான் கேட்ட முதல் தமிழ் அது. பாளையங்கோட்டைத் தமிழ். நீ கட்டடக் கலையில் ஆராய்ச்சி செய்ய வந்திருந்தாய். நான் இவருடைய ஆராய்ச்சிக்குப் பின்னால், ஒரு பி.எஸ்சி. பட்டத்தையும் நிறையப் பயத்தையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன். உனக்கும் எனக்கும் எட்டு மாதம்தான் வித்தியாசம். இரண்டாவது தடவை பார்த்தபோதே என்னை 'ஏட்டி' என்றாய்.

எங்கள் வீட்டுக்கு நீ முதலில் வந்த அன்று, பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே குழந்தையின் தலை நுழைந்துவிடுமோ என்று நான் புலம்பினேன். நீ உன் பையிலிருந்து அடிக்கோலை எடுத்து என் கையை அளந்தாய். சாண், பத்தொன்பது சென்டிமீட்டர். கட்டைவிரலை விட்டு நாலு விரல் சேர்த்தால் ஏழு. "இப்ப உன் கையைக் கம்பிக்கு நடுவுல விடு. நாலு விரலுக்கு மேல போகுதா? போகல. அப்போ தலையும் போகாது. போய்க் காப்பி போடு."

அந்தக் கைக்காகத்தான் என்னை இத்தாலிக்குக் கூட்டிப் போனாய்.

அறுநூறு எழுநூறு வருஷம் பழைய மலை ஊர். உச்சியில் கோபுரம், மாதா கோவில். பேருந்தில் வந்து இறங்கியவர்கள் எல்லோரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள். நீ மட்டும் குனிந்து நடந்தாய். கழுதை கட்டும் இரும்பு வளையம், செருப்புச் சேறு வழிக்கும் தகடு, கத்தி தீட்டித் தீட்டிப் பள்ளம் விழுந்த மூலைக்கல், பூனை போய்வரக் கதவில் வெட்டிய ஓட்டை, நடுவில் தட்டு மாதிரித் தேய்ந்த படி. இவைதான் உனக்கு வேண்டும். "கோவிலையாவது ஒரு படம் எடேன்" என்றேன். "அதை எடுக்கத்தான் ஜெர்மன்காரன் மொத்தமும் கிளம்பி வந்திருக்கான். இந்த ஜலதாரைக்கு நம்மள விட்டா ஆளு கிடையாதுட்டி."

ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவு தெரிய என் கையை வைக்க வேண்டும். அளவுகோல் வைக்கலாமே என்றதற்கு, "கோலை எடுத்தா வரி போட வந்திருக்கோம்னு பயப்படுதான். கையை வச்சா, ஏதோ தடவிப் பாக்காளுகன்னு விட்டுருதான்" என்றாய். நீ சொன்னது சரிதான். ஒரு வீட்டுக்காரர் நாம் தன் வாசலைப் படம் எடுப்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தன் தாயாருக்கு ஞாயிற்றுக்கிழமை உடையை மாட்டி அழைத்து வந்து நிறுத்தினார். கறுப்பு உடுப்பு, முத்துக் கம்மல், இடுப்பில் ஒரு கை. நீ முகத்தை மாற்றாமல் இரண்டு படம் எடுத்தாய். பிறகு என் காதில், "அந்தம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுட்டி, தண்ணி போற துவாரத்த மறைக்காக" என்றாய். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்தப் படத்தில் என் கை ஆடிப்போயிருக்கிறது.

எந்தப் படம் எந்தச் சந்தில், எந்த வாசலில் என்று நோட்டில் எழுதுவது என் வேலை. தமிழில் எழுதினேன். வேகமாக வரும், நம் இருவருக்குத்தானே என்று. 'பால்காரி வீடு, இடது கதவு, வளையம், தரையிலிருந்து ஆறு சாண்.' 'இருமல் தாத்தா சந்து, மூன்றாம் படி.' முதல் பக்கத்தில் முகவரியை மட்டும் இங்கிலீஷில் எழுதச் சொன்னாய். நான் விளையாட்டாக அதையும் தமிழிலேயே எழுதினேன். ஹனோவர், தெருப் பெயர், கதவு எண் எல்லாம். பார்த்துவிட்டு, "ஏன், உங்க தெரு தபால்காரன் பாளையங்கோட்டைக்காரனா?" என்று கேட்டாய். அன்று இருவரும் ரொம்ப நேரம் சிரித்தோம். மாற்றி எழுத இருவருக்குமே தோன்றவில்லை.

ஐந்தாம் நாள் தபால் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். உமாவுக்கு ஒன்றரை வயது. முப்பத்தெட்டு டிகிரி காய்ச்சல் என்றார் இவர். உடனே கிளம்புகிறேன் என்றேன்.

"முப்பத்தெட்டெல்லாம் ஒரு காய்ச்சலாட்டி? உன் மாப்பிள்ளை டாக்டர் பட்டம் வாங்கப் போறவரு. ஒரு துணிய நனைச்சு நெத்தியில போடத் தெரியாதா?"

"உனக்குப் புரியாது. பெத்திருந்தா தெரியும்."

அப்படிச் சொன்னேன். நீ என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து வரைக்கும் வந்தாய். பெட்டியின் கைப்பிடி பட்ட இடமெல்லாம் உன் கையில் நீலமாகக் கன்றியிருந்தது. முந்தின நாளும் கேமரா வார் பட்ட தோளில் அதே நீலத்தைப் பார்த்திருந்தேன். 'என்ன இது' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கவலையெல்லாம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு முப்பத்தெட்டு டிகிரி மேல் இருந்தது.

நோட்டு என் பையிலேயே வந்துவிட்டது. ரயிலில் அதன் கடைசிப் பக்கத்தில், வீடு போய்ச் சேர இன்னும் எத்தனை மணி நேரம் என்று திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டு வந்தேன். மியூனிக்கில் வண்டி மாற வேண்டும். எதிர் நடைமேடையில் அடுத்த வண்டி நின்றிருந்தது. ஓடினேன். நோட்டு இருக்கையிலேயே தங்கிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தபோது உமா இவருடைய தோளில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். "எதுக்கு ஓடி வந்தே? காய்ச்சல் நேத்து ராத்திரியே எறங்கிடுச்சே" என்றார் இவர்.

மிச்ச ஐந்து நாளும் என் கைக்குப் பதில் தீப்பெட்டியை வைத்துப் படம் எடுத்துவிட்டு நீ திரும்பி வந்தாய். வந்த அன்றே நோட்டைக் கேட்டாய். 'வீட்டில்தான் எங்கேயோ வைத்திருக்கிறேன்' என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். உன் பேராசிரியர் உன்னை விரட்டிக்கொண்டிருந்தார். கோபுரம் என்றால் படத்தைப் பார்த்ததும் எவரும் இடம் சொல்லிவிடுவார்கள். ஒரு வளையத்தை, ஒரு படியை எப்படிச் சொல்வது? 'இடம் தெரியாத படம் ஆராய்ச்சிக்கு ஆகாது, சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்' என்று அவர் சொன்னதாக நீ சொன்னபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. தேடுகிறவள் மாதிரி உன் கண்ணெதிரேயே இழுப்பறைகளைத் திறந்து மூடினேன்.

நவம்பரில்தான் தைரியம் வந்து ரயில் நிலையத்தின் தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். இதுதான் உனக்குச் சொல்லாதது. நோட்டு கிடைத்திருக்கிறது. நீல அட்டை, நான் விவரித்த மாதிரியே. புரியாத எழுத்தாக இருந்ததால் யாருக்கு அனுப்புவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. விதிப்படி வைத்திருக்க வேண்டிய காலம் முழுக்க வைத்திருந்துவிட்டு, என் கடிதம் போய்ச் சேர்வதற்கு முந்தின வாரம் அப்புறப்படுத்தியிருக்கிறார்கள். வருந்துகிறோம் என்று கையெழுத்திட்டிருந்தார்கள்.

முந்தின வாரம். இழுப்பறைகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அது அங்கே இருந்திருக்கிறது.

அதற்குள் உன் ரத்தத்தில் கோளாறு என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டால் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக் கூடாது என்றிருந்த டிசம்பர் அது. வெறிச்சோடிய பெருஞ்சாலையின் நடுவே நடந்து உன்னைப் பார்க்க வந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று வழி முழுக்க ஒத்திகை பார்த்தேன்.

"நோட்டு கிடைச்சுதாட்டி?"

"இல்ல. ரயில்ல விட்டுட்டேன்."

நீ கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். "எழுதிக் கேட்டியா?"

"கேட்டேன். அப்படி எதுவும் வரலைன்னுட்டாங்க."

"அன்னிக்கே கேட்டியா?"

"அன்னிக்கே."

உன் உதடு வெடித்திருந்தது. அதை நனைத்துக்கொண்டு சொன்னாய்: "சரி விடு. ஏப்ரல்ல ரெண்டு பேரும் மறுபடி போவோம். பெட்டியில எல்லாத்தையும் வரிசையா அடுக்கி வச்சிருக்கேன். வரிசை இருந்தாப் போதும், எந்தச் சந்துக்கு அப்புறம் எந்தச் சந்துன்னு நடந்து பாத்தே கண்டுபிடிச்சிரலாம். உன் கை இருக்குல்லா. அதையும் ரயில்ல விட்டுராத."

பிப்ரவரியில் உன்னைப் புதைத்தோம். ஊரிலிருந்து உன் அண்ணனால் தந்திதான் அனுப்ப முடிந்தது. பத்து பேர் இருந்தோம், ஒரே ஈரம். மறுவாரம் நீ வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா பெட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். மேலே உன் கோணல் கையெழுத்தில் 'கைக்குச் சொந்தக்காரிக்கு' என்று எழுதியிருந்தது.

வரிசை இருந்தால் போதும் என்றாயே. அதை வைத்துக்கொண்டு ஒரு கோடையில் நான் அங்கே போயிருக்கலாம். உன் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். முதல் வருஷம் உமாவுக்கு அம்மை. இரண்டாம் வருஷம் இவருக்கு வேலை நிச்சயமில்லை. இதெல்லாம் காரணம் என்று நீ ஒத்துக்கொள்ள மாட்டாய். பெட்டியைத் திறந்தால் அந்த ஆஸ்பத்திரிப் பொய் உள்ளேயிருந்து என்னைப் பார்க்கும் என்றுதான் போர்வைக்குப் பின்னால் தள்ளினேன்.

இன்று வரிசையும் போயிற்று. என் கை இருப்பது பத்துச் சுருள். ஒவ்வொரு ஸ்லைடின் அட்டையிலும் ஒன்றிலிருந்து முப்பத்தாறு வரை எண் இருக்கிறது, எந்தச் சுருள் என்று இல்லை. ஏழு என்று எண்ணிட்டவையே பத்து கிடைத்தன. கட்டைவிரலில் துணி சுற்றியிருப்பவை மூன்றாம் நாளுக்குப் பின்னால், துருப்பிடித்த கீலில் நான் விரலைக் கிழித்துக்கொண்டதற்கு அப்புறம் எடுத்தவை. அதுவரை பிரிக்க முடிந்தது. பால்காரி வீட்டு வளையம் தெரிந்தது, அதன் சில்லிப்பு இன்னும் விரலில் இருக்கிறது. கறுப்பு உடுப்புக்காரி மறைத்து நின்ற துவாரம் தெரிந்தது. சாயங்காலம் வரை உட்கார்ந்து பதினொன்றுக்கு இடம் சொல்ல முடிந்தது. மற்ற எல்லாவற்றிலும் ஏதோ ஒரு கல், அதன் மேல் என் கை. பதினொன்றை வைத்துக்கொண்டு யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. நீ இருந்திருந்தாலும் முடியாது.

இனி உமா விஷயம். "இதுலயும் அம்மா கை" என்று அவள் மூன்றாவது முறை சொன்னபோது அடித்தேன். அதுவரை அவளை நான் அடித்ததில்லை. அந்தப் பக்கம் திரும்பி ஜன்னலைப் பார்த்து நின்ற குழந்தையை, முதுகில், என் பலம் முழுவதும் சேர்த்து. அவள் உடனே அழவில்லை. கையிலிருந்த ஸ்லைடைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, பிறகு அழுதாள்.

குளிப்பாட்டும்போது பார்த்தேன். நாலு விரலும் பக்கத்தில் பக்கத்தில் சிவப்பாகப் பதிந்திருந்தன. நீ அளந்து சொன்ன அதே அளவு, ஏழு சென்டிமீட்டர். இது எந்த இடம், எந்த நாள் என்று கேட்டால் எனக்கு நோட்டு வேண்டாம்.