இட்லி மாவில் அணைந்த சட்டை

ஜெகதா,

நேற்றிலிருந்து நீ பேசவில்லை, நியாயம்தான். "ஸ்டவ் மேல துணி போடாதய்யான்னா கேக்குறியா?" என்று மூன்று நாளாகக் கத்தினாய். நான்தான் மழையைச் சாக்கு சொன்னேன். சட்டை எரிந்து கீழே விழுந்ததும் நான் அலறினேன். நீ இட்லி மாவைக் கவிழ்த்து அணைத்தாய்.

ஸ்டவ்வுக்கு மேலே கட்டியிருந்த கொடியை அறுத்து முன் அறையில் ஃபேனுக்குக் கீழே கட்டிவிட்டேன். உனக்குப் பன் வாங்கி வைத்திருக்கிறேன். அரிசி ஊறுகிறது. உளுந்து எவ்வளவு என்று கேட்கப் பயமாக இருந்தது.

புகை ஏது என்று பக்கத்து வீட்டு வனஜா கேட்டால், குழம்பு அடிப்பிடித்தது என்று சொல். வேண்டாம், பழி உன்மேல் விழும். உண்மையையே சொல்.

இன்று ஃபேக்டரியில் தீயணைப்புப் பாடம் எடுப்பது நான்தான். உன் மாவையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கலியமூர்த்தி

பி.கு.: ஃபேன் காற்றில் பேண்ட் காயவில்லை. ஸ்டவ் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போகிறேன்.