புதன்கிழமை எடுத்த படம்

கோட்டைப்பட்டினம்,
சனிக்கிழமை.

அன்புத் தம்பி அஜித்துக்கு அக்கா வனிதா எழுதுவது.

இங்கு எல்லோரும் சுகம். போனில் பேசினால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நேற்று உன் கம்பெனி கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டது. ஆண்கள் கடலுக்குப் போன நாளாகப் பார்த்து! பெண்கள்தான் உட்கார்ந்திருந்தோம். கடலுக்குள் காற்றாலை நடப்போகிறார்களாம், அதன் இறக்கைகளை இறக்கிப் பூட்ட நம் கரையில் துறைமுகம் வேண்டுமாம். காற்றில் கரண்ட் எடுக்கட்டும், நல்லதுதான். கரண்ட் போனால் ஐஸ் உருகி மீன் நாறுகிற வீடு நம்முடையது, எனக்கு அதில் என்ன பகை?

ஆனால் திரையில் ஒரு படம் காட்டினார்கள் பார். கரை முழுக்க நம் நாட்டுப்படகுகள். யாரும் பயன்படுத்தாத கரை, கைவிட்ட படகுகள் என்று வாய் கூசாமல் சொன்னார் உன் கம்பெனி அதிகாரி. படத்தின் மூலையில் தேதி இருந்தது, எடுத்தது புதன்கிழமை, விசைப்படகு நாள். விசைப்படகு போகிற நாளில் நாட்டுப்படகு போகாது. வலை அறுந்து சண்டை வரக்கூடாது என்று பேசி வைத்த முறை. அவருக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது? புதன்கிழமை என்றால் அப்பா வீட்டில் இருப்பார் என்று பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்தவன் நீதானே? விடுமுறை நாளில் பூட்டிய கடையைப் பார்த்து வியாபாரமே இல்லை என்று எவனாவது எழுதுவானா?

ஆத்தா எழுந்து, "எம்மவன் ஒங்க கம்பெனியிலதான் இருக்கான், அவனக் கேளுங்க, சொல்லுவான்" என்றது. அவர் சிரித்துக்கொண்டே, இந்தப் படம் போட்ட அறிக்கையைச் சரிபார்த்ததே அஜித் சார்தான் என்றார். ஆத்தா அப்படியே உட்கார்ந்துவிட்டது. படத்தில் முன்னால் கிடந்தது நம் படகு. உன் பேர் எழுதிய படகு, உன்னைப் படிக்க வைத்த படகு. அதுவா கைவிட்ட படகு?

துறைமுகம் வந்தால் படகை எங்கே ஏற்றுவது, வலையை எங்கே காய வைப்பது என்று கேட்டேன். அவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். கரை போனால் அப்பா இந்த வயதில் எங்கே போவார்? அறிக்கை கலெக்டர் ஆபீஸுக்குப் போகும் முன் நீ வாயைத் திற. வியாழக்கிழமை விடிந்ததும் வந்து பார். கரையில் ஒரு நாட்டுப்படகு கிடந்தாலும் துறைமுகத்துக்கு நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்று காலை அப்பா படகுக்குப் பெயிண்ட் அடித்தார். பேரை அழித்துவிடவா என்று ஆத்தாவைக் கேட்டார். ஆத்தா, "இருக்கட்டும், வந்தா பாப்பான்" என்றது.

வந்துவிடு, தம்பி. கடலம்மா உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும்.

உன் அக்கா,
வனிதா