வட்ட முள்ளில் நான் வைத்த இரை

ஆரணி,
6.5.2007

அன்புள்ள தீனாவுக்கு,

ஜெயக்குமார் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். நீயும் மெட்ராஸில் நம் படகில் இருப்பவர்களும் நலமாக இருக்க வேண்டும். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. என் நம்பர் என்று தெரிந்ததும் கட் பண்ணிவிடுகிறாய். ஆறு மாதமாக இதே கதை. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழி.

கண்ணைப் பற்றி நீ கேட்க மாட்டாய். நானே சொல்லிவிடுகிறேன். இடது கண்ணில் வலி நின்றுவிட்டது. பார்வை இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முள்ளிப்பட்டில் விசைத்தறி மோட்டார் பழுது பார்க்கப் போகிறேன். ஸ்க்ரூ தலையில் ஸ்க்ரூ டிரைவரை வைக்க இரண்டு மூன்று முறை தடவ வேண்டியிருக்கிறது. டீ கிளாஸை வாங்கப் போனால் கை கொஞ்சம் தள்ளிப் போகிறது. பழகிவிடும் என்கிறார்கள். திலகவதி வழக்கம்போல் தறியில்தான் இருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மச்சான், திலகவதியின் தம்பி கோகுல்ராஜுக்குப் படகில் இடம் கொடுத்திருக்கிறாய். முந்தாநாள் வந்து சந்தோஷமாகச் சொன்னான். "மாமா, தீனா அண்ணனே கூப்ட்டு சொன்னாரு. நீங்க நின்ன எடத்துலயே என்ன நிக்க வெக்கிறாராம்" என்றான். என் வீட்டில் ஒரு சம்பாத்தியம் நின்றுபோனதை நினைத்து, நல்ல மனதோடுதான் செய்திருக்கிறாய். எனக்கு அது புரிகிறது. ஆனால் நான் நின்ற இடம் எது என்று கொஞ்சம் நினைத்துப் பார். படகின் ஓரத்தில், மீனை மேலே தூக்குகிற கொக்கிக் கம்போடு, தண்ணீரை நோக்கி முகத்தை நீட்டிக்கொண்டு நிற்கிற இடம். கோகுலின் பெண்டாட்டி இளமதிக்கு இது ஐந்தாம் மாதம்.

எந்தத் தூண்டில் முள்ளை வாங்குவது என்பதை முதலாளி பொன்னுசாமி இந்தத் தடவை உன்னிடமே விட்டிருக்கிறாராம். நீ பழைய முள்ளையே சொல்லியிருக்கிறாயாம். இதையும் கோகுல்தான் சொன்னான்.

தீனா, வேண்டாம். பழைய முள் நேராக இறங்கி, நுனி மேலே பார்த்து நிற்கும். மீன் விழுங்கினால் குடலில் குத்தும். விழுங்காவிட்டால் உதட்டில் மேலாகக் குத்தும். உதட்டில் குத்தினது, மீன் படகோரம் வந்து திரும்பும்போது கிழித்துக்கொண்டு நம் பக்கம் பறக்கும். பறந்தால் என்ன ஆகும் என்று உனக்கு நான் எழுத வேண்டியதில்லை. போன வருஷம் நாம் போட்டுப் பார்த்த வட்ட முள்ளின் நுனி உள்ளே பார்த்து வளைந்திருக்கிறது. மீன் வாயோரம் வந்ததும் தானாகத் திரும்பி, தாடை மூலையில் மாட்டிக்கொள்கிறது. அவ்வளவு சீக்கிரம் கழன்று வராது. நம் ஆட்கள் கையில் ஒற்றைக் கயிறு விட்டு மீன் பிடிக்கிற பழக்கத்தில் வெடுக்கென்று வெட்டி இழுக்கிறார்கள். அப்படி வெட்டினால் வட்ட முள் மாட்டாமலே வெளியே வந்துவிடும். வெட்டக் கூடாது. கயிறு மெல்ல இறுகட்டும் என்று விட்டுவிட வேண்டும். பயிற்சி கொடுக்க வந்தவர் சொன்னது உனக்கும் ஞாபகம் இருக்கும்.

தடைக்காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. யோசித்து ஒரு வரி எழுது.

உன்
ஜெயக்குமார்


ஆரணி,
19.5.2007

அன்புள்ள தீனாவுக்கு,

உன் அரைப் பக்கக் கடிதம் கிடைத்தது. அரைப் பக்கமாவது எழுதினாயே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். படித்த பிறகு அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

முள்ளில் ஒன்றுமில்லையாம், தப்பெல்லாம் உன் கையில்தானாம். நீ வெட்டி இழுத்ததால்தான் என் கண் போனதாம். இனி கயிற்றை நீ இழுப்பதில்லையாம், வேறு ஆள் இழுக்கிறானாம், அதனால் கோகுலுக்குப் பயமில்லையாம். வட்ட முள்ளை வாயிலிருந்து எடுக்க நேரமாகிறது, ஆட்களும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், போன வருஷமே இரண்டையும் போட்டுப் பார்த்தோம், பழைய முள்ளில் முப்பத்தொரு மீன், வட்ட முள்ளில் ஒன்பது, அதற்கு மேல் நான் முதலாளியிடம் என்ன பேச முடியும் என்று கேட்டிருக்கிறாய்.

அந்த ஒன்பதைப் பற்றித்தான் இப்போது எழுதப் போகிறேன். இந்த விஷயம் திலகவதிக்கும் தெரியாது.

போன ஆகஸ்டில் பயிற்சிக்காரர் வட்ட முள் கொண்டுவந்து கொடுத்தார் அல்லவா? ஒரே நீளக் கயிற்றில் பழையது ஒன்று, வட்டம் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கட்டுங்கள், இரண்டுக்கும் ஒரே இரை வையுங்கள், அப்போதுதான் எது நல்லது என்று தெரியும் என்றார். எப்போதும் இரை வைக்கிற முருகேசனுக்குக் காய்ச்சல் என்று அந்த வேலைக்கு என்னை உட்கார வைத்தீர்கள். வட்ட முள் எனக்குப் பழக்கமில்லை. நுனி உள்ளே திரும்பியிருப்பதால் இரை சுலபத்தில் ஏறவில்லை. விரலெல்லாம் கீறிவிட்டது. பின்னாலிருந்து எல்லோரும், "ஜல்தி ஜல்தி, கயிறு போய்கினே கீது" என்று சத்தம் போட்டீர்கள். எனக்கு ஒரே பேஜாராக இருந்தது. ஒரு கூடையில் நல்ல கணவாய் இருந்தது. இன்னொன்றில் வயிறு வெடித்து நைந்துபோன மத்தி இருந்தது. நைந்த மத்தி வட்ட முள்ளில் சட்டென்று ஏறியது. அதனால் அதையே வைத்தேன். கணவாயைப் பழைய முள்ளுக்கு வைத்தேன். கயிறு முழுக்க அப்படித்தான். நைந்த மத்தி தண்ணீரில் இறங்கியதும் கழன்று போயிருக்கும். பாதிக்கு மேல் வெறும் முள்தான் கடலுக்குள் கிடந்திருக்கும்.

ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. வேலை முடிந்தால் போதும் என்று நினைத்தேன். மறுநாள் எண்ணிப் பார்த்து எல்லோரும் சிரித்தபோது சொல்லியிருக்கலாம். பயிற்சிக்காரர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். முதலாளி வட்ட முள்ளையெல்லாம் சாக்கில் போட்டுக் கட்டச் சொன்னார். கட்டினவனும் நான்தான்.

நவம்பரில் பழைய முள் பறந்து வந்து என் கண்ணில் ஏறியது. நீ வெட்டி இழுத்தது உண்மை. பழைய முள்ளைப் போட்டுவிட்டு வேறு எப்படி இழுப்பாய்? அந்த முள் கயிற்றில் இருந்ததற்குக் காரணம் நான். ஆறு மாதமாக நீ உன் கையை நொந்துகொண்டிருக்கிறாய் என்று தெரிந்தும் நான் பேசாமல் இருந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துப் பாவம் என்கிறார்கள், உன்னைத் திட்டுகிறார்கள். அதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இந்தக் கடிதத்தைக் கோகுலிடமே கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டு, நீங்கள் கிளம்பிய பிறகு வந்து சேர்ந்தால் எதற்கும் பிரயோஜனமில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. "இன்னா மாமா, லவ் லெட்டர் மாதிரி இப்டி ஒட்டி வெச்சிகீறீங்க" என்று சிரித்துக்கொண்டே பையில் வைத்துக்கொண்டான்.

முதலாளியிடம் என் பெயரைச் சொல். ஜெயக்குமார்தான் இரையைக் கெடுத்தான் என்று சொல். சரியான இரை வைத்து ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டும். இரையை முள் முழுக்கத் திணிக்காதே, தலைப்பக்கம் மட்டும் கோத்து நுனியை வெளியே விடு. முப்பதாம் தேதி படகு கிளம்புவதற்குள் இதைச் சொல்லிவிடு. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

ஜெயக்குமார்


ஆரணி,
17.6.2007

அன்புள்ள தீனாவுக்கு,

கோகுல்ராஜ் நேற்று மதியம் முழு உடம்போடு வந்து சேர்ந்தான். வெயிலில் கறுத்திருக்கிறான், அவ்வளவுதான். இளமதி இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, நேற்றுச் சாப்பிட்டாள். முதலில் இதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

சாப்பிட்டுக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். பாதி பழையது, பாதி வட்டம் என்று மறுபடியும் கட்டினீர்களாம். இரை முழுவதையும் நீயே உட்கார்ந்து வைத்தாயாம், யாரையும் தொட விடவில்லையாம். பழையதில் இருபத்திரண்டு, வட்டத்தில் இருபத்து நாலு. வட்டத்தில் வந்தது முக்கால்வாசி உயிரோடு வந்ததாம். ஒரு ஆமையை முள்ளைக் கழற்றி விட்டுவிட்டீர்களாம்.

மூன்றாம் நாள் காலையில் வந்த சூரையைப் பற்றியும் சொன்னான். பெரிய மீன், படகோரம் வந்து ஒரே திருப்பு திருப்பியதாம். "கயிறு டங்குனு நின்னுச்சு மாமா. என் மூஞ்சி வெளிய கீது. முள்ளு வந்துச்சுனா நேரா எனக்குத்தான். ஆனா வரல. தூக்கிப் போட்டுப் பாத்தா தாடை மூலைல மாட்டிகினு கீது, குறடு போட்டுதான் எடுத்தோம்" என்றான். அது வட்ட முள். அவன் கதை சொல்வதுபோல் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றச் சொன்னான். திலகவதியின் கையில் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நான் திரும்பி உள்ளே வந்த பிறகுதான் அவன் இன்னொன்றைச் சொன்னான். படகு கிளம்புவதற்கு முந்தின நாள், எல்லோரும் இருக்கும்போது, "போன வருஷம் இரைய கெடுத்தது நான்தான்" என்று நீ முதலாளியிடம் சொன்னாயாம். உன் பெயரைச் சொல்லியிருக்கிறாய். முதலாளி கண்டபடி திட்டினாராம். ஒரே ஒரு தடவை வட்ட முள்ளைப் போட்டுப் பார்க்க ஒத்துக்கொண்டு, இனி நீ ஆட்களை மேய்க்க வேண்டாம், இரையை வைத்துவிட்டு ஐஸ் அறையில் கிட என்று சொல்லிவிட்டாராம். "தீனா அண்ணனா அப்டி செஞ்சாரு மாமா? நம்பவே முடில" என்று கோகுல் என்னிடமே கேட்கிறான்.

ஏன் தீனா அப்படிச் செய்தாய்? என் கடிதத்தில் நான் கேட்டது அதுவா? கண் போனவன் பெயரையும் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தாயா? கை வெட்டி இழுத்ததற்கு நீயே உனக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டாயா? எதுவாக இருந்தாலும் எனக்கு அது வேண்டாம். 

திலகவதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கோகுலிடமும் சொன்னேன். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். திலகவதி ரொம்ப நேரம் தறியில் உட்கார்ந்திருந்தாள், ஆனால் நெய்யவில்லை. இன்று காலையில் டீ கொண்டுவந்து வைத்தாள். "போய் சொல்லிட்டு வாங்க. உங்க தப்பு இன்னொருத்தர் தலைல இன்னாத்துக்கு?" என்றாள். 

புதன்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி வருகிறேன். கண் போனதிலிருந்து தனியாக மெட்ராஸ் வந்ததில்லை, ஆனாலும் வந்துவிடுவேன். நீ எந்த இடத்தில் சொன்னாயோ அதே இடத்தில், முதலாளியும் ஆட்களும் இருக்கும்போது, நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னை என்ன சொன்னாலும் சரி. உன் வேலை உனக்குத் திரும்ப வேண்டும். வட்ட முள்ளும் கயிற்றிலேயே இருக்க வேண்டும்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நான் வருகிறேன் என்று தெரிந்து ஐஸ் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளாதே. என் முகத்தைப் பார்க்க உனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். பார்க்க முடியாவிட்டால் கீழே பார்த்துக்கொண்டு நில், பரவாயில்லை. ஆனால் எனக்கு வலது பக்கமாக வந்து நில், தீனா. இடது பக்கம் நின்றால் நீ வந்திருப்பதே எனக்குத் தெரியாது.

உன் நண்பன்
ஜெயக்குமார்